ஆடாதோடை இலையும் வெள்ளி நானோ துகளும்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3

ஆடாதோடை இலைச் சாறு, கரைசலில் உள்ள வெள்ளி அயனியை (மின்னூட்டம் உள்ள வெள்ளி அணுவை) ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து, உலோக வெள்ளியின் நானோ துகளாக்குமா என்று பார்க்கிறேன். நிழலில் உலர்த்திய ஆடாதோடை இலைப் பொடி 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி. 60 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்து வடிகட்டினேன். 100 மி.லி. நீரில் 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் கரைத்தால் 1 மில்லிமோலார் செறிவு வரும். அதில் 90 மி.லி.க்கு 10 மி.லி. சாறு விட்டு இருட்டில் வைத்தாயிற்று. வெளிச்சமும் வெள்ளி அயனியை ஒடுக்கும். அப்புறம் வேலை செய்தது இலையா ஒளியா என்று பிரிக்க முடியாது. பக்கத்தில் வெறும் சாறு ஒரு குடுவை, வெறும் சில்வர் நைட்ரேட் ஒரு குடுவை. இந்த இரண்டும் இல்லாத சோதனையை நான் நம்புவதில்லை.

ஜூன் 4

கலவை அடர் பழுப்பாகிவிட்டது. மற்ற இரண்டும் நிறம் மாறவில்லை. எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் யுவி-விசிபிள் கருவியில் 432 நானோமீட்டரில் முகடு. வெள்ளித் துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதுதான் இந்த நிறம். முகடு அகலமாக இருக்கிறது. துகள்கள் ஒரே அளவில் இல்லை போலிருக்கிறது.

ஜூன் 6

சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரித்தல், கழுவல், உலர்த்தல்.

ஜூன் 11

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடம் வந்தது. படிகம் கதிரைச் சிதறடிக்கும் கோணங்களில் முகடு விழும், அதை வைத்துப் பொருளை அடையாளம் காணலாம். 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி: சந்தேகமே இல்லை, வெள்ளி. ஆனால் 27.8, 32.2, 46.2 டிகிரியிலும் முகடுகள். இப்படி வருபவற்றை ‘இலையின் கரிமப் பொருள்’ என்று ஒரே வரியில் கடந்துவிடும் கட்டுரைகள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. படிக வடிவமற்ற கரிமப் பூச்சு இவ்வளவு கூரான முகடு தராது. இவை சில்வர் குளோரைடின் இடங்கள். இலையில் குளோரைடு இயல்பாகவே இருக்கிறது. வெள்ளி அயனியைக் கண்டால் அதோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிவிடும். சில்வர் குளோரைடும் வெள்ளி அயனியை வெளிவிடும் என்பதால், இந்தக் கலவையை வைத்துக் கிருமி எதிர்ப்புச் சோதனை செய்தால் பலன் எதனுடையது என்று சொல்ல முடியாது.

ஜூன் 13

கொஞ்சம் மாதிரியை நீர்த்த அமோனியாவில் அலசினேன். சில்வர் குளோரைடு அதில் கரையும். கழுவிய நீரை உடனே அமிலம் சேர்த்துக் கழிவுக்கு அனுப்பினேன். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலைத் தேக்கி வைத்தால் வெடிக்கும் படிவு உண்டாகும். மறுபடி எடுத்த வரைபடத்தில் அந்த மூன்று முகடுகளும் இல்லை. 38.1 டிகிரி முகட்டின் அகலம் 0.56 டிகிரி, முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் அது சுமார் 15 நானோமீட்டர்.

ஜூன் 18

எந்த வேதிப் பிணைப்புகள் உள்ளன என்று அகச்சிவப்பு ஒளியால் காட்டும் எஃப்டிஐஆர் சோதனையில் 3400, 1630 செ.மீ⁻¹ பக்கம் உறிஞ்சல் பட்டைகள். ஈரம் இருந்தாலும் இதே இரண்டும் வரும். ஆகவே ‘ஃபிளேவனாய்டு என்ற தாவரப் பொருள்தான் ஒடுக்கியது’ என்று இதை வைத்து எழுத மாட்டேன். அடுத்த தடவை சாற்றின் குளோரைடை முதலில் அளந்துவிட்டுத்தான் வெள்ளியைக் கலக்கப்போகிறேன்.