வீட்டுக்கடன் தரகருக்குக் கொடுத்த ஒரு சதவீதம்

வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து தருவதற்காகத் தரகர் ஒருவர் கடன் தொகையில் ஒரு சதவீதத்தைக் கட்டணமாகக் கேட்டபோது, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் பேச்சு நடந்தது. என் மனைவியின் வாதம் எளிமையானது: வங்கியின் வாசல் நமக்கும் திறந்துதான் இருக்கிறது, படிவத்தை நிரப்ப நமக்கும் தெரியும், பிறகு நடுவில் ஒருவர் எதற்கு? என்னிடம் அதற்கு உருப்படியான பதில் இல்லை. அனுபவம் உள்ளவர், நமக்குத் தெரியாத வங்கிகள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த ஒரு சதவீதம் நமக்கு எப்போது, எவ்வளவாகத் திரும்பி வரும் என்று ஒரு தாளில்கூட எழுதிப் பார்த்திருக்கவில்லை. கடைசியில் மனைவிதான் தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

தரகர் சொன்ன கவர்ச்சியான விஷயம், எங்கள் வங்கி தருவதாகச் சொன்ன வட்டியைவிடக் கால் சதவீதம் குறைவாக வாங்கித் தர முடியும் என்பது. கணக்கின் எளிமைக்காகக் கடன் தொகை 1,00,000, தவணைக் காலம் 25 ஆண்டுகள், ஒரு பக்கம் வட்டி 6 சதவீதம், மறுபக்கம் 5.75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 644, இரண்டாவதில் 629. மாதத்துக்கு 15 மிச்சம் என்றால் 300 மாதங்களில் 4,500-க்கு மேல் வருகிறது. அதற்காகத் தரகருக்கு 1,000 கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. தரகர் எங்களுக்குக் காட்டிய கணக்கும் இதுதான். எண்களில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வட்டி 25 ஆண்டுகளுக்கும் அப்படியே இருக்கும் என்ற அனுமானம் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

எங்களுக்குக் கிடைக்கவிருந்ததோ மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் மாறாத வட்டி. அது முடிந்ததும் வட்டி வேறாகிவிடும், நாங்களும் வேறு வங்கிக்குப் போகலாம், வீட்டையே விற்றுவிடவும் நேரலாம். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கைப் போட்டோம். தவணையில் மிச்சமாவது ஏறத்தாழ 547. குறைந்த வட்டியில் அசல் சற்று வேகமாகக் கரைவதால், மூன்றாம் ஆண்டின் முடிவில் பாக்கிக் கடனில் இன்னொரு 200 குறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் 750-ஐத் தொடவில்லை, கட்டணமோ 1,000. போட்ட பணம் கைக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தபோது, அந்தக் கால் சதவீதம் எங்கள் கண்ணுக்குச் சிறுத்துப்போனது. கட்டணத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டாம், கடனோடு சேர்த்துவிடலாம் என்று தரகர் தாராளமாகச் சொல்லியிருந்தார். அப்படிச் சேர்த்து 25 ஆண்டுகளும் கட்டினால், அதே 5.75 சதவீதத்தில் அந்த 1,000 ஏறத்தாழ 1,890 ஆகிவிடுகிறது.

இன்னொரு ஓட்டையும் அந்த ஒப்பீட்டில் இருந்தது. கால் சதவீதம் குறைவு என்றால் எதைவிடக் குறைவு? நாங்கள் முதலில் கேட்ட ஒரே ஒரு வங்கியின் வட்டியைவிடக் குறைவு, அவ்வளவுதான். நாங்களே இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவழித்து நாலு வங்கிகளில் விசாரித்திருந்தால் எந்த வட்டி கிடைத்திருக்குமோ, அதோடுதான் தரகரின் வட்டியை ஒப்பிட வேண்டும். விசாரித்துப் பார்த்ததில், அந்தக் கால் சதவீதத்தில் பெரும்பகுதியை எங்கள் சொந்த முயற்சியிலேயே பெற்றுவிடலாம் என்று தெரிந்தது. போதாக்குறைக்கு, தரகர்கள் வழியாகக் கொடுக்காமல் நேரடியாக வரும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சில வட்டித் திட்டங்களை வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. அவை தரகரின் பட்டியலில் வராது. கேட்காத வரை அவர் சொல்லவும் மாட்டார்.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் நாங்கள் அந்த ஒரு சதவீதத்தைக் கொடுத்தோம். காரணம் வட்டி அல்ல, என் வருமானம்.

மனைவி மாதச் சம்பளக்காரர். நான் சொந்தமாகத் தொழில் செய்பவன். ஒரு மாதம் நிறைய வரும், இரண்டு மாதங்கள் ஒன்றும் வராது. கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், ஓர் ஆண்டு வருமானம் நன்றாக இருந்தது, மற்ற ஆண்டில் உடல்நலக் காரணத்தால் பாதியாகக் குறைந்திருந்தது. முதலில் நாங்கள் போன வங்கி எங்களுக்குத் தேவையான தொகையில் முக்கால் பங்குக்கு மேல் தர முடியாது என்றது; இரண்டாவது வங்கி காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்துவிட்டது. ஒவ்வொரு முறை முழு விண்ணப்பம் போடும்போதும் வங்கி நம் கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும். அப்படிப் பார்த்ததற்கான தடயமும் அந்த வரலாற்றிலேயே பதிவாகும். குறுகிய காலத்தில் அடுத்தடுத்து மறுக்கப்பட்டவர் என்ற தோற்றம் மூன்றாவது வங்கியிடம் நமக்கு நல்லது செய்யாது. முட்டிப் பார்த்துத் திறக்கும் கதவைக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனை, ஒவ்வொரு முட்டலுக்கும் ஒரு விலை உண்டு என்றால் அவ்வளவு நல்ல யோசனை இல்லை.

அந்த இடத்தில்தான் தரகரின் அறிவு என்ன என்று எனக்குப் புரிந்தது. "எல்லா வங்கியும் ஒரே மாதிரி கணக்குப் பார்க்காது, சார். இரண்டு வருடத்துக்குச் சராசரி எடுக்கிற வங்கி உண்டு, எது குறைவோ அதை மட்டும் எடுக்கிற வங்கியும் உண்டு, கடைசி வருடத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத வங்கியும் உண்டு. உங்கள் இரண்டு வருடத்தில் கடைசி வருடம்தான் நல்ல வருடம்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பணம் கொடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வங்கிகளின் வட்டி விகிதம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த வங்கி எந்த வருமானத்தை எப்படி எடைபோடும் என்பது அப்படி எங்கும் தெளிவாக எழுதப்பட்டிருப்பதில்லை. நாள்தோறும் விண்ணப்பங்களை அனுப்பி, எது தேறியது, எது திரும்பி வந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கே அது பழக்கத்தில் தெரியும். வருமானம் குறைந்த ஆண்டைப் பற்றி ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார், மருத்துவச் சான்றை இணைக்கச் சொன்னார், என் தொழில் கணக்கையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். ஒரே ஒரு விண்ணப்பம்தான் போனது. கேட்ட தொகை கிடைத்தது. வட்டி, நாங்களே தேடிப் பார்த்ததைவிட மிகக் கொஞ்சமே குறைவு.

கட்டணம் கேட்காத தரகர்களும் இருக்கிறார்களே என்று அந்நாளில் நண்பர்கள் கேட்டார்கள். இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி கமிஷன் கொடுக்கிறது. அந்தப் பணமும் ஏதோ ஒரு வழியில் கடன் வாங்குவோர் கட்டும் வட்டியிலிருந்துதான் வருகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு தரகரின் புத்தியை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பது பல நாடுகளின் அரசுகளையே யோசிக்க வைத்த கேள்வி. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதி, கடனின் வட்டி எவ்வளவு உயர்வோ அவ்வளவு அதிகமாகத் தரகருக்குக் கூலி என்ற பழைய வழக்கத்தைத் தடை செய்தது. ஒரே கடனுக்கு வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் கூலி வாங்கக் கூடாது என்றும் சொன்னது. நெதர்லாந்து 2013 முதல் வீட்டுக்கடனுக்கு வங்கியிடமிருந்து கமிஷன் வாங்குவதையே தடை செய்தது. அங்கே ஆலோசனைக்கு வாடிக்கையாளர்தான் நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2019-இல் அறிக்கை கொடுத்த விசாரணை ஆணையமும் கடன் வாங்குபவரே தரகருக்குக் கொடுக்கட்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை, ஆனால் வாடிக்கையாளரின் நலனுக்கு உகந்ததையே செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமையை 2021-இன் தொடக்கத்திலிருந்து தரகர்கள்மீது விதித்தது. ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள் என்றாலும், எல்லோரும் கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்.

என் சொந்த அபிப்பிராயம், கமிஷன் வாங்குகிறார் என்பதற்காக ஒரு தரகரை ஒதுக்க வேண்டியதில்லை என்பது. அதிகக் கமிஷன் தரும் வங்கியின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற அச்சத்தைவிட, அவர் எவ்வளவு பெரிய கடன் வாங்கிக் கொடுக்கிறாரோ அவ்வளவு கமிஷன் என்பதே எனக்கு அதிகம் உறுத்தியது. "இன்னும் கொஞ்சம் குறைவாக வாங்குங்கள், தவணை இறுக்கும்" என்று சொல்வதற்கு அவருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று நம்மிடம் கேட்பவருக்கும் இதே கோளாறு உண்டு. கடன் பெரிதோ சிறிதோ வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு நிலையான தொகையைக் கேட்கும் தரகரை நான் முதலில் விசாரிப்பேன். வீட்டை விற்பவரோ கட்டுநரோ அழைத்துவந்து அறிமுகப்படுத்தும் தரகரைக் கடைசியாக விசாரிப்பேன்.

நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. அவர் எத்தனை வங்கிகளுக்கு விண்ணப்பம் அனுப்ப முடியும், எவை அவருடைய பட்டியலில் இல்லை. எங்கள் கட்டணத்தோடு வங்கியிடமும் அவருக்குக் கமிஷன் உண்டா, உண்டென்றால் அதை எங்கள் கட்டணத்தில் கழிப்பாரா. கட்டணத்தை எப்போது கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்று பின்னால் தெரிந்தது. ஆலோசனையின்போதே பாதியை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு, வங்கியின் ஒப்புதல் கடிதம் வந்ததும் கேட்பவர்கள் உண்டு, கடன் பணம் கைமாறிய பிறகுதான் கேட்பவர்களும் உண்டு. ஒப்புதல் வந்த பிறகும் பத்திரத்தில் வில்லங்கம் வெளிப்பட்டோ, மதிப்பீட்டாளர் குறைந்த மதிப்பைப் போட்டோ, விற்பவர் மனம் மாறியோ வீடு கைநழுவிப் போகலாம். அப்போது தரகர் தன் வேலையை முடித்துவிட்டார், நமக்கு வீடும் இல்லை, கட்டணமும் போயிற்று. எங்கள் தரகர் ஒப்புதலின்போது முழுவதையும் கேட்டார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு பணம் கைமாறும்போது என்று எழுதிக்கொடுத்தார். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இரண்டு ஆண்டுகளுக்குள் நாங்கள் கடனை அடைத்துவிட்டாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ, வங்கி அவரிடமிருந்து திரும்பப் பிடிக்கும் கமிஷனை நாங்கள் ஈடுகட்ட வேண்டும். அதை நீக்கச் சொன்னோம். அவர் முகம் சுளித்தாலும் நீக்கினார். கேட்டால் கிடைக்கும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து மாறாத வட்டிக்காலம் முடியும் நேரத்தில், அதே தரகரிடமிருந்து அன்பான அழைப்பு வந்தது. இந்த முறையும் ஒரு சதவீதம்தான். ஆனால் நிலைமை வேறு. தவணைகளை ஒரு நாளும் தவறாமல் கட்டியிருந்தோம், கடன் குறைந்திருந்தது, என் வருமானமும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சீராக இருந்தது. எங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியே, வருமானச் சான்று எதையும் புதிதாகக் கேட்காமல், தன்னிடமே தொடர்ந்தால் இந்த வட்டி என்று மூன்று திட்டங்களை அனுப்பியது. மனைவி வேறு நான்கு வங்கிகளின் வட்டியை, பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், சட்டச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான மொத்தச் செலவாக ஒரே பக்கத்தில் எழுதினார். வட்டி மிகக் குறைவாக இருந்த வங்கி, செலவுகளைச் சேர்த்ததும் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. எங்கள் வங்கியிலேயே இருந்துவிட்டோம். மொத்தம் இரண்டு மாலைப் பொழுதுகளும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான் செலவு. அதில் தரகர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, மரியாதையாக மறுத்துவிட்டேன்.

இப்போதைய வட்டிக்காலம் முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. மனைவி வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் இப்போது இருக்கிற வங்கியிலேயே தொடரும்வரை சிக்கல் இல்லை; வேறு வீட்டுக்கு மாற நினைத்தால்தான், ஓராண்டுக் கணக்குகூட இல்லாத ஒரு தொழிலையும் ஏறி இறங்கும் இன்னொரு தொழிலையும் வைத்துக்கொண்டு எந்த வங்கியிடம் போவது என்ற கேள்வி வரும். அந்தத் தரகரின் எண்ணை அழிக்க வேண்டாம் என்று சொன்னது, முன்பு தாளும் பேனாவும் எடுத்து வந்த அதே மனைவிதான்.