ஏன் சும்மாவே படுத்திருக்கு?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றி விளக்கிச் சொல்வது என் வேலை. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் 1985இல் இங்கே, சுமார் 600 ஹெக்டேர் பரப்புக்கு இடம் மாறியது. வெயிலில் இவ்வளவு தூரம் நடக்கிறவர்கள் விலங்கு ஓட வேண்டும், உறும வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. அதனால் தினமும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “ஏன் சார், இது சும்மாவே படுத்திருக்கு?”

முதலைப் பக்கம் போனால் “உயிரோட இருக்கா, பொம்மையா?” என்பார்கள். கேட்பதோடு நின்றால் சரி. சிலர் கல்லெடுத்து எறிந்து பார்க்கிறார்கள்.

வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் அந்த முதலை சும்மா இல்லை. அதற்கு நம்மைப் போல் வியர்க்காது. வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் வாய்க்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தலையைக் குளிர வைக்கும். உடம்புச் சூட்டுக்காக இரையை எரிக்க வேண்டிய அவசியம் இல்லாததால், மாதக்கணக்கில் சாப்பிடாமலும் அதனால் இருக்க முடியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதன் தாடை. கரையோரம் படுத்திருக்கும்போது உற்றுப் பார்த்தால், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உணர்வுறுப்பு. இருட்டில், கலங்கிய தண்ணீரில், மீன் வாலை ஆட்டிய சின்ன அலைகூட அதில் பட்டுத் தெரிந்துவிடும். ஒருமுறை இதைச் சொன்னதும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்போ நாம கல்லு போட்டா அதுக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டான். நான் அந்த வகுப்புக்குச் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

நீர்யானையிடம் கேள்வி வேறு மாதிரி வரும். “தம்பி, உடம்பெல்லாம் ரத்தமா வழியுது, டாக்டரைக் கூப்பிடுப்பா” என்று ஒரு பாட்டி பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அது ரத்தமில்லை, பாட்டி, வியர்வையும் இல்லை. தோலுக்கு அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து நிறமில்லாமல் வெளிவரும் திரவம் கொஞ்ச நேரத்தில் சிவந்து, அப்புறம் பழுப்பாகிவிடும். 2004இல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதில் சிவப்பு, ஆரஞ்சு என இரண்டு நிறமிகளைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பு நிறமி பாக்டீரியா வளர்ச்சியையும் தடுக்கும். ஒன்றோடொன்று மோதிக் கீறிக்கொண்டு, அழுக்குத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும் பிராணிக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

இந்தச் சந்தேகங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது கருமந்தி விஷயம். நீலகிரிக் கருமந்தி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய குரங்கு. இலைதான் அதன் முக்கிய உணவு. இலையைச் செரிப்பது லேசான வேலையில்லை. அதன் இரைப்பையில் பல அறைகள் உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் இலையை மெல்ல நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. சாப்பிட்டுவிட்டு அது கிளையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். ‘பாவம், பசியில் சோர்ந்திருக்கு’ என்று நினைத்து யாராவது பிஸ்கட்டோ வாழைப்பழமோ வீசினால், அந்தச் சர்க்கரையும் மாவும் மளமளவென்று நொதித்து அமிலமாகும், வயிறு உப்பும். உயிரே போகலாம். வீசுகிறவர் அன்பாகத்தான் வீசுகிறார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

தீனி போடாதீர்கள், கல்லெறியாதீர்கள் என்று பலகை வைக்கிறோம். காரணத்தையும் அதிலேயே காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. முதலைப் பலகையில் தாடைப் புள்ளிகளைப் பெரிதாக்கிய படம் ஒன்று, கருமந்திப் பலகையில் அதன் வயிற்றின் படம் ஒன்று, கீழே இரண்டே வரி. படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகூட அதைக் காட்டி, “இது என்னப்பா?” என்று கேட்கும்.