பச்சை உடம்பும் 24 ஊசியும்

118 கிலோவில் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதென்று இரண்டு வருஷமாகப் போட்டுவந்த ஹார்மோன் மாத்திரையைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது கணக்கிலேயே வரவில்லை. எழுந்து கிளம்பும்போது ஏதோ பேச்சுவாக்கில் வாயில் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். உடல் பருமன் ஏற்கெனவே ஒரு காரணம். போதாததற்கு ஆபரேஷனில் வயிற்றுக்குள் வாயு நிரப்பித் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைப்பார்கள். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவது மந்தமாகும். அங்கே ரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் என்றார். லீவு எல்லாம் போட்டாயிற்றே என்று எனக்குக் கோபம்தான்.

ஆபரேஷனன்று இறுக்கமான காலுறை. அதை மாட்ட இரண்டு சிஸ்டர்கள் மல்லுக்கட்டினார்கள். அதன்மேல் காற்றடித்து அமுக்கி விடுகிற உறை, 'புஸ்... புஸ்' என்று ராத்திரி முழுக்க. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். "பச்சை உடம்புங்க, இப்படி நடக்க விடுறீங்களே" என்று அம்மா சிஸ்டரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி, 40 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 14 நாள். அது என் எடைக்குச் சொன்ன அளவு. பக்கத்து கட்டில்காரருக்கு வேறு. ஆஸ்பத்திரியில் போட்டது போக வீட்டுக்கு 24. வீட்டருகே மருந்துக்கடையில் 60 மில்லிகிராம் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்ததால் தப்பித்தேன்.

என் வீட்டுக்காரர் ஊசியைக் கண்டதும் வியர்த்துப் போனார், நானே போட்டுக்கொண்டேன். தொப்புளை விட்டு மூன்று விரல் தள்ளி, கொழுப்பைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்தி மெதுவாக அழுத்த வேண்டும். சிரிஞ்சுக்குள் தெரியும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாதாம். வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் சிந்திவிடும். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. தேய்க்காமலே தொப்புளைச் சுற்றி நாவல்பழம் நசுங்கினாற்போலக் கன்றிப் போயிருந்தது. இது பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் மருந்து என்று முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். சுத்த சைவமான அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

ஊசியைவிடக் கஷ்டம் தண்ணீர். சுருங்கிய இரைப்பைக்கு ஒரு மடக்கே அதிகம். ஆனால் உடம்பில் நீர் வற்றினால் கட்டி வர அதுவும் ஒரு வழி. மருந்து அளக்கிற குட்டிக் கப்பில் நாள் முழுக்க உறிஞ்சினேன்; மணிக்கொரு முறை ஹாலில் நடை.

ஒன்பதாம் நாள் இரவு இடது கெண்டைக்காலில் வலி. டேப் வைத்து அளந்தால் வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். அம்மா தைலத்தோடு உட்கார்ந்துவிட்டார். தேய்க்க விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "உடனே வாங்க" என்றார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி இல்லை. தசைப்பிடிப்பு, நீர் குறைவு, ஒரு பாட்டில் டிரிப். இதற்குப் போய் வந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டேன். டூட்டி டாக்டர், "பாதிக்கு மேல கட்டி வீட்டுக்குப் போன பிறகுதாம்மா வரும், வந்தது சரி" என்றார். இதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே நாலு வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இந்த அறிகுறிகளெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

ஊசிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, மறுபரிசோதனைக்குப் போனபோது சிஸ்டரிடம் கொடுத்தேன். ஹார்மோன் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை. போக்குக்கு வேறு வழி பார்க்கலாம் என்று மகளிர் டாக்டர் சொல்லியிருக்கிறார், வியாழக்கிழமை போக வேண்டும்.