ஸ்பெக்ல எழுதலைன்னா பசுமை பர்ச்சேஸ் நடக்காது: ஒரு யுனிவர்சிட்டி அனுபவம்

நான் யுனிவர்சிட்டி பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருக்கேன். சுற்றுச்சூழலைப் பாத்து வாங்கணும்னு எங்ககிட்ட ரொம்ப நாளாவே பாலிசி இருக்கு, ஆனா ஒரு டெண்டர்லயும் அது வேலை செய்யல. காரணம் சிம்பிள், பாலிசில "இயன்றவரை", "முடிந்த அளவு"ன்னு இருக்கும், டெண்டர் பிரிக்கிற அன்னைக்கு டேபிள்ல இருக்கறது விலை மட்டும்தான். அங்க போய் "சார் இந்த மாடல் கரண்ட் கம்மியா இழுக்கும்"னு சொன்னா கமிட்டி ஒத்துக்காது, ஒத்துக்கவும் கூடாது, முதல்ல சொல்லாத கண்டிஷனை கடைசில கொண்டுவந்து ஒரு வெண்டரை தள்ளுனா அது நியாயமும் இல்ல, ஆடிட்லயும் நிக்காது. அதனால டெண்டர் வெளிய போறதுக்கு முன்னாடியே ஸ்பெக்ல, அதாவது என்ன மாதிரி பொருள் வேணும்னு எழுதுற விவரக்குறிப்புல வரணும், பேப்பரை வச்சு யார் வேணா செக் பண்ற மாதிரி வரணும்.

ஏ4 பேப்பர்ல ஆரம்பிச்சோம், எல்லா டிபார்ட்மென்டும் வாங்குறது அதுதானே. பழைய ஸ்பெக்ல "ஈகோ ஃப்ரெண்ட்லி பேப்பர்"னு ஒரு வரி இருந்துச்சு. இதை வச்சு யாரையும் எதுவும் கேக்க முடியாது, வர்ற கட்டு எல்லாத்துலயும் ஒரு பச்சை இலை போட்டிருக்கும். கம்பெனி தன்னைப் பத்தி தானே சொல்லிக்கிறது ஐஎஸ்ஓங்கற உலகத் தர அமைப்போட கணக்குல ஐஎஸ்ஓ 14021 வகைல வரும். பொருள் தயாராகறதுல இருந்து குப்பைக்குப் போற வரைக்கும் என்ன பாதிப்புன்னு வெளி ஆள் ஒருத்தர் பாத்து முத்திரை குடுக்கறது ஐஎஸ்ஓ 14024, ஜெர்மனில 1978ல வந்த ப்ளூ ஏஞ்சல் இந்த ரகம். எஃப்எஸ்சி (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) முத்திரை வேற, அது காடு எப்படி பராமரிக்கப்படுது, அந்த மரக்கூழ் யார் யார் கை மாறி வந்துச்சுன்னு பாக்கும், பழைய பேப்பரைத் திரும்பக் கூழாக்கி செஞ்சதுக்கு "எஃப்எஸ்சி ரீசைக்கிள்ட்"னு அதுலயே ஒரு முத்திரை இருக்கு. இந்த வித்தியாசத்தை கமிட்டில பொறுமையா உக்காந்து விளக்குனதுக்கு அப்புறம்தான் "எஃப்எஸ்சி ரீசைக்கிள்ட், அல்லது ப்ளூ ஏஞ்சல், அல்லது அதுக்கு இணையான வெளி ஆள் சான்று"ன்னு எழுத விட்டாங்க. அந்த "இணையான"ங்கற வார்த்தையை விட்றாதீங்க, இல்லன்னா ஒரு கம்பெனிக்காக எழுதுன ஸ்பெக்குன்னு புகார் வரும்.

சர்டிஃபிகேட் ஜெராக்ஸை மட்டும் பாத்து நம்பவும் கூடாது. எஃப்எஸ்சி சர்டிஃபிகேட்ல ஒரு கோடு இருக்கும், அதை அவங்க பொது டேட்டாபேஸ்ல போட்டா இப்ப செல்லுமா, எந்தெந்த பொருளுக்குன்னு வந்துரும். ஒரு வெண்டர் குடுத்ததை அப்படி போட்டுப் பாத்தா காலாவதின்னு வந்துச்சு, ஜெராக்ஸ்ல எல்லாம் பளிச்சுன்னு சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் இன்வாய்ஸ்லயும் அந்த கோடும் "எஃப்எஸ்சி ரீசைக்கிள்ட்"ங்கற வாசகமும் இருந்தாதான் பில் பாஸ் ஆகும்னு பேமென்ட் கண்டிஷன்ல சேத்துட்டோம்.

ரீசைக்கிள்ட் பேப்பர் மெஷின்ல சிக்கும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. வாதம் பண்ணிட்டு இருக்காம, அதிகமா ஓடுற ஒரு மெஷின்லயே போட்டு ஓட்டச் சொன்னோம். சிக்குனது எல்லாம் பிரிச்சு வெளிய கிடந்து ஈரம் ஏறுன கட்டுதான், அது சாதா பேப்பர்லயும் நடந்துச்சு.

பெரிய சண்டை லேப்ல ஆராய்ச்சி சாம்பிள் வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு. கம்மி கரண்ட் மாடல் வாங்கறப்ப விலை கூட, "எந்த பட்ஜெட்ல இருந்து?"ன்னு கேட்டாங்க. உண்மையில சிக்கலே இங்கதான், ஃப்ரீசரை வாங்கறது ஆராய்ச்சி கிரான்ட்ல, கரண்ட் பில்லை கட்டறது யுனிவர்சிட்டி, அதனால வாங்குற ஆளுக்கு யூனிட் எவ்வளவு போனாலும் தெரியாது. நாங்க டேட்டாஷீட்ட எடுத்து வச்சுக்கிட்டோம், ஒண்ணு நாளைக்கு 20 யூனிட், இன்னொண்ணு 10, பத்து வருஷம் ஓடுனா வித்தியாசம் 36,500 யூனிட், அதை நம்ம ரேட்டால பெருக்கி வாங்குற விலையோட கூட்டி அக்கவுன்ட்ஸ் ஆபிசர் முன்னாடி வச்சோம். அவங்களே "அப்ப மொத்த செலவை வச்சு ஒப்பிடணும்"னு சொல்லிட்டாங்க. இப்ப ஃப்ரீசர், ஏசி, சர்வர் டெண்டர்ல விலையோட ஆயுள்கால கரண்ட் செலவையும் சேத்துதான் யார் கம்மின்னு பாக்குறோம், கணக்கு போடுற ஃபார்முலா, ரேட், வருஷம் மூணும் டெண்டர்லயே அச்சாகி போகும்.

கூடவே லேப்காரங்ககிட்ட மைனஸ் 70ல வச்சாலே சுமார் 30 சதவீதம் வரை மிச்சமாகும்னு பேசுனோம். சாம்பிளைப் பொறுத்து சிலர் மாத்துனாங்க, சிலர் தயங்குறாங்க, அது அவங்க முடிவு, கட்டாயப்படுத்துற விஷயம் இல்ல.

இதெல்லாத்தையும் விட பலன் குடுத்தது இன்டென்ட் ஃபார்ம்ல, அதாவது டிபார்ட்மென்ட் பொருள் கேட்டு எங்களுக்கு அனுப்புற படிவத்துல, சேத்த ஒரு கேள்விதான்: "இந்தப் பொருள் வேற டிபார்ட்மென்டில் சும்மா இருக்கிறதா, ஸ்டோர்ஸில் கேட்டீர்களா?" ஸ்டோர்ஸ் கையெழுத்து இல்லாம ஃபைல் நகராது. நாற்காலி, பீரோ, மானிட்டர்னு எவ்வளவு தூசி படிஞ்சு கிடந்துச்சு தெரியுமா, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. வாங்காத பொருளுக்கு எந்த சர்டிஃபிகேட்டும் தேவைப்படல.

இப்ப மாட்டிக்கிட்டு நிக்கறது பேக்கிங். தெர்மாகோலையும் பழைய டோனரையும் திருப்பி எடுத்துக்கணும்னு போட்டா வெண்டர்ஸ் சரின்னு தலையாட்டுறாங்க, வண்டி வர்றதில்ல. அடுத்த ரேட் கான்ட்ராக்ட்ல (குறிப்பிட்ட காலத்துக்கு விலை பேசி வச்சுக்கிற ஒப்பந்தம்) திருப்பி எடுத்த ரசீது இல்லாம கடைசித் தவணை கிடையாதுன்னு டிராஃப்ட் போட்டு லீகல் செக்‌ஷனுக்கு அனுப்பிருக்கேன்.