பொன்னமராவதிப் பக்கம் ஓர் அழிகண்மாய்

முதல் நாள் ராத்திரியே திருச்சியிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னமராவதி போய், நண்பன் வீட்டில் படுத்துவிட்டு, விடியுமுன் அவனோடும் அவன் அப்பத்தாவோடும் கண்மாய்க் கரையில் நின்றேன். பங்குனி வெயிலுக்குத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியிருந்தது. ஊத்தா (அடி திறந்த கூடை), கச்சா, கூடை, வலை என்று கைக்குக் கிடைத்ததோடு மீன் பிடிக்க ஊரே காத்திருக்கிறது, ஆனால் ஒருத்தரும் இறங்கவில்லை.

மற்ற கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை, மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் போகும். இதை மட்டும் அழிகண்மாயாக விட்டிருக்கிறார்கள்: வெளியூர்க்காரரும் பிடிக்கலாம், காசு கிடையாது, பிடித்ததை விற்கக் கூடாது. இப்படி மீனைப் பகிர்ந்து தின்றால்தான் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை.

கண்மாய்க்கு நடுவே இரண்டு கல்தூண்கள். குமிழித்தூம்பு! கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மதகு. புதுக்கோட்டை மாவட்டத்தில் நிறையக் கண்மாய்களில் இருக்கிறது, சிலவற்றில் செய்துகொடுத்தவர் பெயரையும் வெட்டியிருப்பார்கள். மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. வயலுக்குத் தண்ணீர் போகும்போதே வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். இதை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

பெரியவர் ஒருவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். அப்புறம் ஒரே சேறும் கூச்சலும். ஊத்தாவைச் சேற்றில் குத்தி, உள்ளே முட்டுகிறதா என்று பார்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். எனக்கு முதலில் சிக்கியது ஜிலேபிக் கெண்டை. 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன், முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அதனால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். நண்பன் பிடித்த கட்லா கங்கைப் பக்கத்து மீன். ஓடும் ஆற்றில் முட்டையிடுகிற ஜாதி, கண்மாயில் தானாகப் பெருகாது. 1957-ல் ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி குழுவினர் ஊசி போட்டு மீனைச் சினைவிட வைத்துக் காட்டிய பிறகுதான், இத்தனை ஊர்க் கண்மாய்களுக்கும் குஞ்சு வாங்கி விடுவது சுலபமாயிற்று.

விராலோ இந்த மண்ணுக்கே உரியது. ஒன்று, நல்ல முழங்கை நீளம், என் விரலில் வழுக்கிச் சேற்றுக்குள் போய்விட்டது. திரும்பத் திரும்பத் துழாவினேன்.

"விடுப்பா," என்றார் கரையிலிருந்த அப்பத்தா. "ஈரம் இருந்தா சேத்துக்குள்ளயே கிடந்து பொழச்சுக்கும். மழை பேஞ்சா குஞ்சு குட்டியோட வரும். நீ கையைக் கழுவிட்டு வா, புளி கரைக்கணும்."