பழி போட ஆளில்லை

நண்பரின் பழைய தாமியா (ஜப்பானிய பொம்மை கம்பெனி) ரிமோட் காரை இன்று கழற்றிப் பார்த்தோம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க எலக்ட்ரானிக் ஸ்பீடு கண்ட்ரோல் கிடையாது. ரிமோட் சொல்கிறபடி திரும்பும் குட்டி மோட்டாரான ஒரு சர்வோ, செம்புத் தகட்டின் மேல் ஒரு கையை அப்படியும் இப்படியும் தள்ளுகிறது. மெதுவாக ஓட்டினால் மிச்ச மின்சாரமெல்லாம் ரெசிஸ்டரில் (மின்தடையில்) சூடாகவே வீணாகும். தொட்டால் விரல் பொசுங்கும்!

இப்போதைய கார்களில் அந்த வேலை மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுக்கு. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது. மோட்டார் பிரஷ்லெஸ், அதாவது உரசித் தேய கார்பன் பிரஷ்ஷே இல்லை. 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி போய் 7.4 வோல்ட் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி.

எனக்கென்னவோ பெரிய விடுதலை ரிமோட்டின் புது ரேடியோ அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இருவரிடம் ஒரே கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் குட்டிப் பாகம்) இருந்தால் தீர்ந்தது கதை. இவர் ரிமோட்டை ஆன் பண்ண, அவர் கார் சுவரில் மோதும். இன்று ரிமோட்டும் ரிசீவரும் ஜோடி சேர்ந்துகொள்கின்றன, பக்கத்தில் யார் ஓட்டினாலும் கவலையில்லை.

சுவரில் மோதினால் பழி போடத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது.