ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பெரிய திரை

நான் ஆசைப்படும், தலையில் மாட்டும் திரைக்குள் 140 மில்லிமீற்றர் அகலம் வரையான கண்ணாடிதான் நுழையும் என்பதால், மகள் என் மூக்குக் கண்ணாடியை முகத்திலிருந்தே கழற்றி எடுத்தாள். காலின் உட்புறத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து வாசித்துவிட்டு, "140 என்று போட்டிருக்கிறது, அப்பா. தப்பித்துவிட்டீர்கள்" என்றாள்.

அந்த எண்ணால் தப்பிக்கவில்லை. பத்தொன்பது வருடமாகத் திருகோணமலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவனின் மகளுக்கே இது தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? பிரேமின் காலில் 52, ஒரு சின்னச் சதுரம், 18, பிறகு 140 என்று அச்சடித்திருக்கும். 52 என்பது ஒரு வில்லையின் அகலம். 18 மூக்கின் மேல் இருக்கும் பாலம். 140 காதுக்குப் போகும் காலின் நீளம். முகத்துக்குக் குறுக்கே மொத்தம் எவ்வளவு என்பது அங்கே இருக்கவே இருக்காது, அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வைத்துப் பார்த்தேன். 136. நான்கு மில்லிமீற்றர் மிச்சம்.

பத்து நாட்களாக எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. இந்த 2025 நவம்பர் 12ஆம் திகதி, கணினி விளையாட்டு நிறுவனமான வால்வ் ஸ்டீம் ஃபிரேம் என்ற, தலையில் மாட்டும் திரையை அறிவித்தது. 140 மில்லிமீற்றர் அகலம் வரையான கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டலாம் என்று அதன் விவரப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் 2160க்கு 2160 புள்ளிகள். ஒளியை உள்ளுக்குள்ளேயே மடக்கித் திருப்பும் மெல்லிய வில்லைகள். 2026இன் தொடக்கத்தில் வரும் என்றார்கள், அறிவித்தபோது விலையை வாய் திறந்து சொல்லவில்லை. விற்கப்போகும் நாடுகளில் இலங்கை இல்லை, கனடா இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் மைத்துனன் சிவராத்திரிக்கு ஊருக்கு வருகிறான், கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் ஐந்து நாட்களும் இங்கேதான் நிற்பான். அதற்குள் சாமான் கடைக்கு வந்தால் அவன் கைப்பையில் வரும். வராவிட்டால் வழமைபோல் சொக்லேட்தான். "அத்தான், விலை ஆயிரம் டொலரைத் தாண்டினால் அக்காவிடம் நீங்களே கதைத்துக்கொள்ளுங்கள்" என்று இப்போதே கைகழுவிவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் காட்டுவதற்காகவே செய்த இந்தக் கருவிக்காகத் தவம் கிடக்கும் எனக்கு உருப்படியாக இருப்பது ஒரு கண்தான்.

என் இடக்கண் சோம்பேறிக் கண். கோணல் எதுவும் இல்லை, பார்த்தால் யாருக்கும் தெரியாது. வலக்கண்ணுக்குப் பவர் அனேகமாக இல்லை, இடக்கண்ணுக்குப் பிளஸ் ஐந்தரை. சிறு வயதில் இப்படி ஒரு வித்தியாசம் இருந்தால் மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதைத் தள்ளிவைத்துவிடும். தள்ளிவைத்த கண் பார்க்கப் பழகாமலே வளர்ந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்து, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைப் பொத்திப் பழக்கினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எங்கள் காலத்துத் திருகோணமலையில் பள்ளிக்கூடம் ஒழுங்காகத் திறந்தாலே பெரிய காரியம். கண்ணை யார் பார்த்தார்கள்? பதினான்காவது வயதில் ஒரு கண் முகாமில் வலக்கண்ணைப் பொத்தச் சொன்னார்கள். பொத்தினேன். சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காணோம். அதுவரை எல்லோருக்கும் ஒரு கண் பார்க்கவும் மற்றது உபரியாகவும் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

ஏகாம்பரம் மைதானத்தில் உயர்ந்து வரும் பந்து ஏன் என் கைக்கு ஒரு முழம் தள்ளியே விழுந்தது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. முப்பரிமாணப் படங்களும் அப்படித்தான். கொழும்பில் ஒருமுறை கறுப்புக் கண்ணாடி கொடுத்து உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கையை நீட்டி அந்தரத்தில் எதையோ பிடிக்கப் பார்த்தார்கள். நான் சோளப்பொரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இருந்தும் 2011இல் சோனியின் எச்.எம்.இசட்-டி1 என்ற, தலையில் மாட்டும் திரை பற்றிய செய்தி வந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. 0.7 அங்குல ஓலெட் திரைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 1280க்கு 720 புள்ளிகள். இருபது மீற்றர் தூரத்தில் 750 அங்குலத் திரையைப் பார்ப்பது போல இருக்கும் என்றார்கள். அந்த நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, ஏறக்குறைய 60,000 யென். நான் அனுராதபுரச் சந்திப் பக்கம் ஓர் இன்டர்நெட் கடையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அதன் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் கலியாணம். சேர்த்து வைத்த காசு தாலிக்குப் போயிற்று. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன். மனைவியும் இதை வாசிப்பாள்.

வாங்காததில் உண்மையிலேயே பெரிய நட்டமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கருவி தலையின் அசைவைக் கணக்கில் எடுக்காது. தலையை எங்கே திருப்பினாலும் திரையும் கூடவே வரும், நெற்றியில் கட்டிய தொலைக்காட்சி மாதிரி. இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு அதுவே போதும். எனக்கு அது இன்னும் ஒரு தட்டைப் படம்.

2019இல் வெள்ளவத்தையில் ஒரு நண்பன் வீட்டில் பிளேஸ்டேஷன் வி.ஆர். என்ற, தலையசைவைக் கவனிக்கும் தலைத்திரை இருந்தது. மாட்டிப் பார் என்றான். கடலுக்குள் ஒரு கூண்டில் இறங்கும் காட்சி. ஒவ்வொரு கண்ணுக்கும் 960க்கு 1080 புள்ளிகள்தான். கொசுவலைக்குள் இருந்து பார்ப்பது போல எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மரியாதைக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூண்டின் கம்பி ஒன்று மூக்குக்கு நேரே இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு மீன். கம்பி மறைக்கிறதே என்று கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தேன். கம்பி வலப்பக்கமாக ஒரு சாண் விலகியது. மீன் ஒரு விரலளவு விலகியது. தூரத்துப் பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்ப வலப்பக்கம் சாய்ந்தேன். கம்பி மீனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. கம்பிக்கும் மீனுக்கும் நடுவில் தண்ணீர் இருந்தது. எவ்வளவு தண்ணீர் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது.

நண்பனின் மனைவி தேநீருடன் வந்து, "அண்ணா ஏன் ஊஞ்சல் ஆடுகிறார்?" என்று கேட்டது காதில் விழுந்தது. தேநீர் ஆறும்வரை ஆடினேன்.

ஒற்றைக் கண்காரன் தூரத்தை அளப்பது இப்படித்தான். நிழல், உருவத்தின் சிறுமை பெருமை, எது எதை மறைக்கிறது என்பன பாதி வேலையைச் செய்யும். மீதியைத் தலையை ஆட்டித்தான் சம்பாதிக்க வேண்டும். கிட்ட இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது குறைவாக நகரும். திரையரங்கில் என்ன ஆட்டு ஆட்டினாலும் படத்தில் ஒன்றும் நகராது. தலையைக் கவனிக்கும் கருவியில் நகரும். எனக்கு வேண்டிய முப்பரிமாணம் அதில்தான் இருக்கிறது. இடக்கண் தூங்கினால் தூங்கட்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் திமிராக இருந்தேன். பிறகு பார்த்தால் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் 1968இலேயே எழுதிவைத்திருக்கிறார். தலையில் மாட்டும் கணினித் திரையை முதன்முதலில் செய்துகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். தலை எங்கே இருக்கிறது என்று அறிய, கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரத் தண்டுடன் அதைப் பிணைத்திருந்தார். கோடுகளால் ஆன உருவங்கள்தான் தெரியும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டுவது முக்கியம்தான், ஆனால் தலை அசையும்போது படம் மாறுவது அதைவிட முக்கியம் என்று தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதைச் சொல்லி நாற்பத்து மூன்று வருடம் கழித்து, வீட்டுத் திரையரங்கு என்று வந்த சாமானில் அதையே விட்டுவிட்டார்கள் என்றால் யாரிடம் போய் அழுவது!

கடையில் நானும் தலையை ஆட்டித்தான் பிழைக்கிறேன். இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை நாங்கள் பி.டி. என்போம். வில்லையின் நடு கண்மணிக்கு நேரே வராவிட்டால் தலையிடி நிச்சயம். வந்தவரை எதிரே அதே உயரத்தில் உட்காரவைத்து, மூக்கின் மேல் அளவுகோலைப் பிடித்து, முதலில் ஒரு கண்ணால் பூச்சியத்தை அவருடைய வலக்கண்ணில் பொருத்தி, பிறகு மற்றக் கண்ணால் அவருடைய இடக்கண்ணில் அளவை வாசிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மாற்றி மாற்றி மூடுவார்கள். நான் வலக்கண்ணாலேயே இரண்டையும் பார்ப்பேன். பூச்சியத்தைப் பிடித்துவிட்டு, அளவுகோல் அசையாமல், என் தலையை மூன்று விரற்கடை பக்கத்துக்கு நகர்த்துவேன். இப்போது அதற்கு ஒரு கருவி வந்துவிட்டது, என்றாலும் கை பழக்கத்தை விடவில்லை.

எடையிலும் எனக்குத் தொழில் பயம் உண்டு. இருபத்தைந்து கிராம் பிரேமை மாட்டிவிட்டு மூக்கில் தழும்பு விழுகிறது என்று திரும்ப வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பழைய சோனி 420 கிராம், பாரம் முழுவதும் முகத்தில். ஸ்டீம் ஃபிரேம் பட்டியோடு சேர்த்து 440, ஆனால் பற்றரியைப் பின்மண்டைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். முன்பகுதி 185 கிராம்தான். தராசில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கழுத்துக்கு ஒன்றல்ல. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சோளகத்திலும் மாரியிலும் எதை எங்கே வைப்பது என்பது வேறு கவலை. கடற்கரை ஊரில் வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மூடியுள்ள பெட்டியும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் போதும். வெயில்தான் உண்மையான எதிரி. சன்னலோரம் வில்லை மேலே பார்க்க வைத்துவிட்டுப் போனால், பூதக் கண்ணாடியால் காகிதம் எரிப்பது போல, உள்ளே இருக்கும் திரையைச் சூரியன் சுட்டுவிடும். வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லிவைத்தாயிற்று, சாமான் வருமுன்பே சட்டம் வந்துவிட்டது. அம்மா மட்டும், வெளியே பார்க்கும் கமராக்கள் கறுப்பு வெள்ளைதான் என்று கேள்விப்பட்டு, "முதல் வாங்கிய டி.வி.யும் அப்படித்தான், அதற்கு இவ்வளவு காசு கேட்கவில்லை" என்றார்.

மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் குதிரைக் கண்பட்டி. "மாட்டிக்கொண்டு எந்த வண்டியை இழுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நேற்று மழை விடாமல் கொட்டியது. இரவு மகளை உட்காரவைத்து பி.டி. அளந்தேன். 57. அந்தக் கருவியின் வில்லைகளை 60 முதல் 70 வரைதான் நகர்த்தலாம். என் கடைத் துண்டுச் சீட்டுகளைப் புரட்டினால் 58, 59 என்று எழுதிய பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கோபம் வந்தது. மகளுக்கு வரவில்லை. வயதோடு இது கூடும்தானே என்று கேட்டாள். கூடும் என்றேன். "அப்படியென்றால் எனக்கு 60 வரும்போது விலையும் குறைந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அளவுகோலை உறையில் போடப் போனபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். புறாத் தீவுக்குப் படகு ஏறப் பயந்து, பதின்மூன்று வருடமாக நிலாவெளிக் கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தவள்.

"அந்தக் கூண்டு மாதிரி இதிலும் கடலுக்குள் இறங்கலாமா?"

இறங்கலாம் என்றேன்.

"தலை நனையாதே?"

"நனையாது. என் கண்ணைப் பார், ஆடாதே."

61.